உப்பளத்தடியில் மூச்சு வாங்கிய பிக்கப்

டொக்யாட் என்ற கப்பல் பட்டறையின் சங்கை நினைவில் வைத்திருப்பவர்கள் நம்மில் இனி எத்தனை பேர் மிச்சமோ தெரியாது. காலையில் அது ஊதினால் திருகோணமலையில் பாதி வீடுகளில் ஆண்கள் வாயைச் சுட்டுக்கொண்டு தேத்தண்ணீர் குடிப்பார்கள். பின்னேரம் ஊதினால் அதே வீடுகளில் உலை ஏறும். வெள்ளைக்காரக் கடற்படை மூட்டை முடிச்சோடு கப்பலேறிய பிறகும் சங்கு கொஞ்சக் காலம் ஊதியது என்று என் வயதுக்காரி ஒருத்தி சாதிக்கிறாள். ஊதியிருக்கலாம். எங்கள் வீட்டில் அது அப்பாவுக்கு வேலை போனதோடு நின்றுவிட்டது.

எனக்கு அப்போது ஒன்பது வயது. உட்துறைமுக வீதியிலிருந்து பிரிந்து போகும் ஒரு ஒழுங்கையில் வரிசையாக வாடகை வீடுகள். எல்லாவற்றிலும் டொக்யாட் ஆட்கள்தான், யாழ்ப்பாணத்துக் கிளாக்கர்மாரும் இயந்திரம் பூட்டும் மலையாளத்துப் பிற்றர்மாரும். வேலை போனதும் ஒவ்வொரு குடும்பமாக ரயிலேறியது. ஒரு வருடத்துக்குள் எங்கள் ஒழுங்கை பல் விழுந்த வாய் போலாகிவிட்டது. பக்கத்து வீட்டு மலையாளத்துப் பிள்ளைதான் எனக்கு இருந்த ஒரே சிநேகிதி. அவர்கள் போகும்போது பூவரசில் கட்டியிருந்த ஊஞ்சலின் பலகையை மட்டும் கழற்றிக்கொண்டு போனார்கள், கயிற்றை விட்டுவிட்டார்கள். அந்த வெறுங்கயிற்றுக்குள் காலை நுழைத்துக்கொண்டு நான் எத்தனையோ பின்னேரங்கள் நின்றிருக்கிறேன். கோட்டைப் பக்கமிருந்து வரும் மான்கள் ஆளில்லாத முற்றங்களில் வந்து மேயும். என்னைக் கண்டால் தலையை நிமிர்த்திப் பார்த்துவிட்டுத் திரும்பவும் மேயும். பேச்சுத் துணைக்கு மாமியை விட்டால் எனக்கு வேறு ஆள் இல்லை.

மாமி அப்பாவின் தங்கை. சம்பூரில் கலியாணம் செய்து, வருடம் திரும்புவதற்குள் புருஷனைக் காய்ச்சலுக்குக் கொடுத்துவிட்டு, வெள்ளைச் சேலையோடு தமையன் வீட்டுக்கு வந்தவர். அதே மாதத்தில்தான் என் அம்மா என்னைப் பெற்றுப்போட்டுக் கண்ணை மூடினார். எனக்கு ஒரு ஆள் தேவைப்பட்டது, மாமிக்கு ஒரு இடம் தேவைப்பட்டது. அந்தக் கணக்கில் இருவரும் ஒட்டிக்கொண்டோம். அவருக்கு அப்போது இருபத்திரண்டு வயதுதான் இருந்திருக்கும் என்று இப்போதுதான் எண்ணிப் பார்க்கிறேன். அந்த வயதில் என் பேத்தி தலைமுடிக்கு என்ன நிறம் பூசலாம் என்று யோசித்துக்கொண்டிருக்கிறாள். எனக்கு மாமி எப்போதும் கிழவியாகத்தான் தெரிந்தார்.

கடற்படை விட்டுப்போன சாமான்களை ஏலத்தில் விற்றார்கள். ஊரெல்லாம் கதிரையும் அலுமாரியும் சுமந்துகொண்டு போக, அப்பா ஒரு பிக்கப்பை எடுத்தார். சாம்பல் நிறம். கதவில் இருந்த வெள்ளை எழுத்துகளைச் சுரண்டிப் பார்த்தும் முழுவதும் போகவில்லை. உள்ளே ஏறினால் பெற்றோலும் பழைய சுருட்டும் கலந்த ஒரு மணம் அடிக்கும், அதை நான் வெள்ளைக்காரன் மணம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அப்பா டொக்யாட்டில் கப்பல் வடம் பின்னும் பகுதியில் இருந்தவர். வாகனம் ஓட்டத் தெரியாது. அதனால் கிண்ணியாவிலிருந்து ஒரு முஸ்லிம் டிரைவர் வந்தார். அவர்கள் அண்ணனைக் கூப்பிடுகிற மாதிரி நாங்களும் அவரை நானா என்றுதான் கூப்பிட்டோம்.

வேலை இதுதான். குச்சவெளியில் பின்னேரம் கரைக்கு வரும் மீனை ஐஸ் போட்ட பெட்டிகளில் ஏற்றி, இரவு கொழும்புக்குப் புறப்படும் மெயில் ரயிலுக்கு முன் ஸ்டேஷனில் இறக்க வேண்டும். மீன் முதலாளி ஒருவரின் சரக்கு. ரயில் தப்பினால் மீன் நாறும், நாலு முறை நாறினால் முதலாளி வேறு வண்டி பார்ப்பார். அப்படி நடந்தால் வீட்டைப் பூட்டிவிட்டு அப்பா கொழும்புக்கு வேலை தேடிப் போக வேண்டியதுதான், என்னை யார் வீட்டில் விடுவது என்ற கதையும் நடந்தது. இதெல்லாம் பிள்ளைக்குத் தெரியாது என்று நினைத்துப் பெரியவர்கள் கதைப்பார்கள். பிள்ளைக்குத்தான் முதலில் தெரியும்.

பெற்றோல் அளவைக் காட்டும் முள் அந்த வண்டியில் செத்துப்போயிருந்தது. நானா ஒரு மூங்கில் குச்சியில் கத்தியால் கோடு வெட்டி வைத்திருந்தார். வழியில் எங்கே வண்டியை நிறுத்தினாலும், தேத்தண்ணீர்க் கடையோ, ஐஸ் தண்ணீர் வடிய விடும் இடமோ, முதல் வேலையாகப் பெற்றோல் தாங்கியின் மூடியைத் திறந்து குச்சியை விட்டுப் பார்ப்பார். பிறகு குச்சியை முகர்ந்து பார்ப்பார். அது ஏனென்று நான் கேட்டதில்லை. பள்ளிக்கூட விடுமுறையில் என்னையும் ஏற்றிக்கொண்டு போனால் நிலாவெளிக் கடையில் பணிஸ் வாங்கித் தருவார். அந்த மாதங்களில் வண்டி ஒரு நாளும் ரயிலைத் தவறவிடவில்லை.

வண்டி வந்த வெள்ளிக்கிழமை அம்மன் கோயில் வாசலில் பூசை நடந்தது. ஐயர் முன்பக்கத்தில் சந்தனமும் குங்குமமும் அப்பினார், சில்லுகளுக்கடியில் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கினார்கள். மாமி சனத்துக்குப் பின்னால், மதிலோடு நின்றார். மீன் முதலாளியும் வந்திருந்தார். நல்ல மனுசன் என்றுதான் அவருக்கு ஊரில் பெயர். அவர் அப்பாவின் தோளில் கையைப் போட்டு, மெதுவாக, ஆனால் மதிலடி வரைக்கும் கேட்கிற மாதிரிச் சொன்னார்.

"வண்டி வெளிக்கிடேக்கை தங்கச்சி முன்னுக்கு வராமல் பாத்துக்கொள். முழுவியளம் முக்கியம்."

புறப்படும்போது எதிர்ப்படும் சகுனத்தை எங்கள் பக்கத்தில் முழுவியளம் என்போம். பூனை, எண்ணெய்க் குடம், விதவை எல்லாம் அதில் ஒரே இனம். அன்று தொடக்கம் வண்டி ஸ்டார்ட் ஆகும்போது மாமி குசினிக்குள் நின்றுகொள்வார். சத்தம் ஒழுங்கை முனையைத் தாண்டின பிறகுதான் முற்றத்துக்கு வருவார்.

ஆனால் அண்ணன் தினமும் ஓடுகிற வண்டியை ஆசீர்வதிக்காமல் இருக்க அவரால் ஏலாது. வெள்ளிக்கிழமை காலையில் கோயிலுக்குப் போய் வாழையிலைத் துண்டில் சந்தனம் கொண்டு வருவார். மத்தியானம் அப்பா சாப்பிட்டுச் சற்றுச் சரியும் நேரம் பார்த்து வண்டிக்குப் பக்கத்தில் போவார். முன்பக்கம் போகமாட்டார், அது ஐயரும் ஆண்களும் பொட்டு வைத்த இடம். கதவுக்குப் பின்னால், பக்கவாட்டில், பெற்றோல் தாங்கியின் மூடி இருந்தது. உருண்டையாக ஒரு முகம் போல இருக்கும். நடுவில் குண்டூசித் தலையளவு ஒரு துளை. பொட்டு வைக்கிற இடத்துக்கு அடையாளம் போட்டுக் கொடுத்தது போல அவருக்குத் தோன்றியிருக்கலாம். மோதிர விரலால் சந்தனத்தை எடுத்து அந்த நடுவில் அழுத்தி வைப்பார். குங்குமம் கிடையாது, குங்குமத்தை அவர் தொடுவதேயில்லை. கண்ணை மூடிக்கொண்டு கொஞ்ச நேரம் நிற்பார். யன்னலில் என்னைக் கண்டால் சிரித்துவிட்டு, "கொப்பர் பத்திரமாய்ப் போயிட்டு வரட்டும் எண்டு" என்று என் அப்பாவைக் குறித்துச் சொல்லுவார். எனக்கு அதில் புதினம் ஒன்றும் தெரியவில்லை. யாரும் என்னிடம் அதைப் பற்றிக் கேட்கவுமில்லை.

நானாவுக்குப் பக்கத்தில் இருந்து இருந்து அப்பா ஓட்டப் பழகிவிட்டார். பழகின கையோடு, இனி டிரைவர் எதற்கு என்ற எண்ணமும் வந்துவிட்டது. நானா கோபிக்கவில்லை. சாரத்தை உதறிக் கட்டிக்கொண்டு, "அப்ப நான் வாறன். வண்டிய நல்லாப் பாத்துக்கங்க" என்றார். எனக்கு மட்டும் அவர் போனது பிடிக்கவில்லை, சாப்பிட மாட்டேன் என்று அழுது மாமியிடம் அடி வாங்கினேன். அப்பாவோ புது மாப்பிள்ளை போல இருந்தார். முதல் வேலையாக வண்டியைக் கராஜுக்குக் கொண்டுபோய்ப் பெற்றோல் முள்ளைத் திருத்துவித்தார். இனி நடுவழியில் மூடியைத் திறந்து குச்சி விடத் தேவையில்லை. அந்தக் குச்சியை எடுத்து நான் மண்ணில் கோடு கீறி விளையாடித் தொலைத்தேன்.

இரண்டு கிழமை கழித்துத்தான் தொல்லை தொடங்கியது.

வெறும் வண்டியாகக் குச்சவெளிக்குப் போகும்போது ஒரு குறையுமிருக்காது. மீனேற்றிக்கொண்டு அவசரமாகத் திரும்பும்போது, நிலாவெளி உப்பளத்தடி வந்ததும் வண்டிக்கு இழுவை இல்லாமல் போகும். எவ்வளவு மிதித்தாலும் வேகம் ஏறாது. கியரைக் குறைத்தால் கொஞ்சம் இருமும், துள்ளும், பிறகு சோர்ந்து நிற்கும். கால் மணித்தியாலம் சும்மா விட்டால் தானாகவே குணமாகி ஒன்றுமே நடக்காத மாதிரி ஓடும். மூன்று கட்டை, அதாவது மூன்று மைல், தாண்டினால் திரும்பவும் அதே கதை.

ஒரு நாள் நானும் போயிருந்தேன். பொழுது சாய்ந்துவிட்டது. பாத்திகளில் நின்ற தண்ணீர் வானத்தின் நிறத்தில் இருந்தது, கரையில் குவித்திருந்த உப்பு மட்டும் வெள்ளையாகத் தெரிந்தது. வண்டி நின்றதும் வந்த அமைதியில் பின்னால் ஐஸ் தண்ணீர் சொட்டும் சத்தம் கேட்டது. அப்பா டோர்ச்சை வாயில் கவ்விக்கொண்டு பிளக்குகளைக் கழற்றிச் சாரத் தலைப்பில் துடைத்தார். காபரேற்றரின் ஜெட்டைக் கழற்றி வாயால் ஊதினார், பெற்றோல் வாய்க்குள் போய்க் காறிக் காறித் துப்பினார். எல்லாவற்றையும் பூட்டி ஸ்டார்ட் பண்ணினால் வண்டி ஓடியது. அப்பா என்னைப் பார்த்துச் சிரித்தார். உண்மையில் அது நின்ற நேரத்தில் தானாகக் குணமாகியிருக்கிறது, அப்பா துடைத்ததால் அல்ல. உப்புவெளி தாண்டுவதற்குள் திரும்பவும் நின்றது.

நாங்கள் ஸ்டேஷனுக்குப் போனபோது ரயிலின் கடைசிப் பெட்டியில் இருந்த சிவப்பு விளக்கு வளைவில் மறைந்துகொண்டிருந்தது. அப்பா மீன் பெட்டி ஒன்றின் மேல் இருந்தார். எனக்குப் பசி. அப்பா என்று கூப்பிட்டேன், அவருக்குக் கேட்கவில்லை. பக்கத்தில் இருக்கிற மனுசனுக்குக் கூப்பிட்டது கேட்காமல் போகும் என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. உலகத்தில் என்னைத் தவிர ஒருவரும் இல்லாதது போல ஒரு பயம் வந்தது. அந்தப் பயம் இப்போதும் சில நேரம் ரயில் ஸ்டேஷன்களில் எனக்கு வரும்.

அதன் பிறகு ஆளாளுக்கு வைத்தியம். நம் பக்கத்தில் கைத்தொழில் தெரிந்தவரைப் பாஸ் என்போம். கராஜ் பாஸும் அப்பாவோடு டொக்யாட்டில் இருந்தவர்தான். அவர் பொயின்ற்றை மாற்றினார், பம்பைப் பிரித்துத் தோலை மாற்றினார், பெற்றோல் குழாயைக் கழற்றி ஊதினார். கடைசியில் காதில் செருகியிருந்த பீடியை எடுத்துக்கொண்டு தீர்ப்புச் சொன்னார்.

"றிங் தேஞ்சுபோச்சு. எஞ்சினை இறக்கித்தான் பாக்கவேணும்."

எஞ்சினை இறக்குவதென்றால் மாதக்கணக்காக வண்டி நிற்கும். உப்பளத்துக் கூலியாட்கள் அங்கே ஒரு முனி நிற்கிறது என்றார்கள், அப்பா எலுமிச்சம்பழம் கட்டினார். எலுமிச்சம்பழம் காய்ந்தது. பிறகு ஒரு நாள் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தவர் திடீரென்று சொன்னார்.

"நானா போகேக்கை என்னவோ செய்துபோட்டுத்தான் போயிருக்கிறான். அவன் ஓடேக்கை ஒரு நாளாவது நிண்டதே?"

"அந்தாள் அப்பிடிச் செய்யாது, அண்ணை" என்றார் மாமி.

"உனக்கென்ன தெரியும், பேசாமல் இரு."

மாமி பேசாமல்தான் இருந்தார். ஆனால் வெள்ளிக்கிழமை மட்டும் வைத்த சந்தனத்தைச் செவ்வாயும் வைக்கத் தொடங்கினார். முன்பு பொட்டளவு வைத்தவர் இப்போது காய்ந்ததன் மேலேயே ஈரச் சந்தனத்தை அப்பி விரலால் அழுத்தினார். தமையனுக்குக் கஷ்டம் கூடக் கூடச் சந்தனமும் கூடியது.

மீன் முதலாளி ஒரு நாள் மத்தியானம் வீட்டுக்கு வந்தார். கதிரையின் நுனியில் இருந்துகொண்டு, தேத்தண்ணீரை முழுவதும் குடித்துவிட்டுத்தான் கதைத்தார்.

"இன்னும் ஒருக்கா ரெயில் தப்பினால் நான் வேறை லொறி பாக்கிறன். கோவிக்காதை."

அப்பா தலையைக் குனிந்துகொண்டிருந்தார்.

"எஞ்சினிலை பிழையில்லை எண்டு நினைக்கிறன்" என்றார் முதலாளி. "வீட்டைப் பார். நானா இருக்கேக்கை அவன் தன்ரை வீட்டிலையிருந்து வந்து வண்டியை எடுத்தவன். இப்ப நீ ஆரின்ரை முகத்திலை முழிச்சிட்டு எடுக்கிறாய்?"

குசினியில் மாமி தேங்காய் துருவிக்கொண்டிருந்தார். அந்தச் சத்தம் நின்றது. முதலாளி எழுந்து போய், படலை சாத்துகிற சத்தம் கேட்ட பிறகும் அது திரும்பத் தொடங்கவில்லை.

அப்பா கல்நெஞ்சுக்காரர் அல்ல. அன்று முழுவதும் மாமியின் முகத்தைப் பார்க்காமல் வீட்டுக்குள் சுற்றிச் சுற்றி வந்தார். கடைசியில் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு, "கொஞ்ச நாளைக்குச் சம்பூருக்குப் போயிட்டு வாவன். மாமியார்க்காரியும் தனிய இருக்கிறா" என்றார்.

மாமி ஏன் என்று கேட்கவில்லை.

"பிள்ளைக்கு ஆர் தலை இழுத்துப் பின்னுறது?" என்று மட்டும் கேட்டார்.

"அவள் வளந்திட்டாள்."

மறுநாள் மூதூர் போகும் லோஞ்ச் படகில் ஏற்றிவிட்டோம். ஒரு துணி மூட்டையும் ஒரு செம்பும்தான். லோஞ்ச் நகர்ந்ததும் நான் கையை ஆட்டினேன். மாமி ஆட்டவில்லை. முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு எங்களுக்கு முதுகு காட்டி இருந்தார். கோபமாக்கும் என்று நினைத்தேன். வண்டி எடுக்கப் போகிற எங்களுக்கு எதிரில் தன் முகம் படக்கூடாது என்று திரும்பி இருந்திருக்கிறார் என்று இப்போது நினைக்கிறேன்.

அந்தக் காலத்தை எப்படிச் சொல்ல? பள்ளிக்கூடம் விட்டு வருவேன். பூட்டுக்குரிய திறப்பு கூரை ஓட்டுக்கடியில் இருக்கும். அப்பா சோற்றை மூடி வைத்துவிட்டுக் குச்சவெளிக்குப் போயிருப்பார். ரயில் போன பிறகுதான் திரும்புவார். ஒழுங்கையில் எங்கள் வீட்டைத் தவிர இரண்டு வீடுகளில்தான் விளக்கு எரியும், இரண்டும் தூரத்து முனையில். தலையை நானே இழுத்துப் பின்னுவேன். ஒரு பின்னல் தடிப்பாகவும் மற்றது எலிவால் போலவும் வரும். வகுப்பில் சிரித்தார்கள். நான் சத்தமாக வாய்ப்பாடு சொல்லுவேன், வீட்டில் ஒரு குரல் கேட்கட்டுமே என்று. சொல்லி முடித்தால் வீடு முன்னையைவிட அமைதியாக இருக்கும். மாமி வேண்டும், மாமி வேண்டும் என்று இருந்தது. அதை அப்பாவிடம் சொல்லவும் பயமாக இருந்தது, ஏனென்றால் வண்டி ஓடத் தொடங்கிவிட்டது.

ஆம், ஓடத் தொடங்கிவிட்டது. மாமி போன முதல் கிழமை உப்பளத்தடியில் கொஞ்சம் இருமியது. அடுத்த கிழமை இருமல் குறைந்தது. மாரி மழை பிடித்த பிறகு ஒரு நாளும் நிற்கவில்லை. முதலாளி ஒரு முழுச் சீலா மீனைக் கொண்டுவந்து எங்கள் குசினியில் வைத்துவிட்டு, "பாத்தியே, நான் சொன்னனான்" என்றார். அப்பா ஓம் என்றார். ஒன்பது வயதுக்காரி நானும் உள்ளுக்குள் ஓம் என்றேன். மாமி வந்தால் வண்டி நிற்கும், வண்டி நின்றால் அப்பா போய்விடுவார். இரண்டு பேரும் எனக்குச் சேர்ந்து கிடைக்கமாட்டார்கள் என்று நம்பிக்கொண்டு நான் அந்தச் சீலா மீனைத் தின்றேன்.

இனிச் சொல்லப்போவது அப்போது எனக்குத் தெரியாது. இருபது வருடம் கழித்து, அப்பாவின் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி அன்று சாப்பாட்டுப் பந்தி முடிந்து வெற்றிலை போட்டுக்கொண்டிருந்த கராஜ் பாஸ், பழைய பகிடி ஒன்றைச் சொல்வது போல என்னிடம் சொன்னது. ஆனால் அது நடந்த இடத்தில் வைத்துச் சொன்னால்தான் விளங்கும்.

மழைக் காலத்தில் பெற்றோலுக்குள் தண்ணீர் இறங்குகிறதா என்று பார்க்க அப்பா வண்டியைக் கராஜுக்குக் கொண்டுபோயிருக்கிறார். பாஸ் மூடியைக் கழற்றிப் பார்த்தால், நடுவில் மஞ்சளாக ஏதோ காய்ந்து, மழையில் பாதி கரைந்து கிடந்திருக்கிறது. ஊசியால் கிளறி எடுத்து முகர்ந்திருக்கிறார். சந்தனம்.

"இஞ்சை பார், இந்தத் துளை எதுக்கெண்டு தெரியுமே? பெற்றோல் குறையக் குறைய உள்ளுக்குக் காத்துப் போகவேணும். அடைச்சுதெண்டால் தாங்கி மூச்சுப் பிடிச்சமாதிரி இருக்கும், பெற்றோலை விடாது. எஞ்சின் பட்டினியிலை நிக்கும். நான் றிங் எண்டு சொல்லி எஞ்சினை இறக்கப் பாத்தன், மடையன்" என்று பாஸ் சிரித்திருக்கிறார்.

அப்பா சிரிக்கவில்லையாம். நம்பவுமில்லையாம். பரீட்சித்துப் பார்க்க வேண்டும் என்று பாஸையும் ஏற்றிக்கொண்டு குச்சவெளிக்குப் போனார். மீனேற்றிய பிறகு சவர்க்காரத் துண்டால் அந்தத் துளையை இறுக்க அடைத்துவிட்டுத் திரும்பினார். உப்பளத்தடி வந்தது, வண்டி இழுவை குறைந்து, இருமி, நின்றது. இறங்கி மூடியைத் திறந்ததும் புஸ்ஸென்று காற்று உள்ளே இழுபட்டது. திரும்ப ஸ்டார்ட் பண்ணினால் குதிரை போல ஓடியது. நானாவின் காலத்தில் அவர் வழிநெடுக மூடியைத் திறந்து குச்சி விட்டதால் காற்றுப் போயிருக்கிறது. முள்ளைத் திருத்தின அன்றைக்கு மூடியைத் திறக்கிற பழக்கமும் போயிற்று. மாமி போன பிறகு புதுச் சந்தனம் இல்லை, பழையது காய்ந்து உதிர்ந்து மழையில் கரைந்துவிட்டது.

அடுத்த நாள் இருவரும் கிண்ணியாவுக்குப் போய், வாகனங்களை அக்கரைக்குக் கடத்தும் மிதவைப் பாதையடியில் நின்ற நானாவிடம் கேட்டிருக்கிறார்கள், மூடியில் சந்தனம் இருந்தது தெரியுமா என்று.

"தெரியும். வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமை புதுசா இருக்கும். அது ஒங்கட சாமிக்கு வெச்சது, நான் ஏன் அதில கை வைக்கிற? சுத்தி வரப் புடிச்சுத்தான் தொறப்பன்" என்றாராம் நானா.

குங்குமம் இல்லாத வெறும் சந்தனம். யார் வைத்தது என்று அப்பாவுக்கு வேறு யாரும் சொல்லத் தேவையிருக்கவில்லை.

அதே கிழமைதான் அப்பா என்னையும் கூட்டிக்கொண்டு சம்பூருக்குப் புறப்பட்டார். எனக்குக் காரணம் சொல்லவில்லை. லோஞ்சில் மூதூர் போய், அங்கிருந்து மாட்டு வண்டி. மழை விட்ட நேரம், வயல் வரம்பெல்லாம் சேறு. மாமி வாசலில் நெல் காயப்போட்டுக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் ஓடி வந்து முதலில் என் பின்னல்களைத்தான் தடவினார். அப்பாவைக் கண்டதும் பக்கத்தில் ஒதுங்கி நின்றார்.

அப்பா பாயில் இருந்தார், தண்ணீர் குடித்தார், கூரையைப் பார்த்தார். "வீட்டை வா, கூட்டிக்கொண்டு போகத்தான் வந்தனான்" என்றார்.

மாமி கையில் ஒட்டியிருந்த நெல்லைத் தட்டினார்.

"வண்டி இப்ப எப்பிடி, அண்ணை?"

"நல்லா ஓடுது."

"எப்ப தொடக்கம்?"

"அது... நீ இஞ்சை வந்த பிறகு."

மாமி தலையாட்டினார். முகம் வாடவில்லை. கணக்கு ஒன்று சரியாக வந்துவிட்டது போலத்தான் இருந்தது.

"அப்ப நான் இஞ்சையே இருக்கிறன்" என்றார்.

அப்பா வாயைத் திறந்தார். நான் அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன், வா என்று இன்னொரு முறை சொல்லமாட்டாரா என்று. அவர் தன் கைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். வடம் பின்னிப் பின்னிக் காய்த்துப்போன கைகள். "சரி, உன்ரை விருப்பம்" என்று சொல்லிவிட்டு எழுந்தார். லோஞ்சில் திரும்பி வரும்போது நான் அழுதேன், அவர் கடலைப் பார்த்துக்கொண்டு வந்தார்.

ஒரு வார்த்தைதான். ஓட்டை அடைத்துவிட்டது, உன்னில் ஒரு பிழையுமில்லை என்று சொல்லியிருந்தால் மாமி மூட்டையைக் கட்டியிருப்பார். ஆனால் அதைச் சொல்லப் போயிருந்தால், ஒரு துளைக்காக உன்னைத் துரத்தினேன் என்றும் சேர்த்துச் சொல்ல வேண்டி வந்திருக்கும். அதற்கு அப்பாவுக்கு நா எழவில்லை. அப்பாவை நான் மன்னித்துவிட்டேனா என்று கேட்காதீர்கள். சில நாள் மன்னிப்பேன், சில நாள் மாட்டேன்.

அதற்குப் பிறகு மாமி எங்கள் வீட்டு நல்ல காரியம் ஒன்றுக்கும் வரவில்லை. என் கலியாணத்துக்கு நானே போய்க் கூப்பிட்டேன். "நான் வந்தால் சரிவராது பிள்ளை" என்று சொல்லி ஒரு கடகம் நிறைய அரிசி கொடுத்துவிட்டார். அப்பாவின் செத்த வீட்டுக்குத்தான் வந்தார். செத்த வீட்டுக்கு முழுவியளம் பார்ப்பதில்லையே. எட்டாம் நாள் சடங்கு முடிந்ததும் போய்விட்டார்.

பாஸ் சொன்னதைக் கேட்ட பிறகு எனக்கு நித்திரை இல்லை. அடுத்த லோஞ்சில் மூதூருக்குப் போனேன். மாமியார்க்காரி எப்போதோ போய்விட்டார், மாமி தனியே இரண்டு மாடுகளோடு இருந்தார். தலை நரைத்திருந்தது. மாட்டுக் கொட்டிலடியில் வைத்து எல்லாவற்றையும் சொன்னேன். மூடி, துளை, சந்தனம், காற்று, நானாவின் குச்சி. மாமி விளங்காத இடத்தில் நிறுத்திக் கேட்டார். நான் செம்பு மூடியையும் விரலையும் வைத்துக் காட்டினேன்.

"அப்ப என்ரை முழுவியளம் இல்லை" என்றார்.

"இல்லை மாமி."

"ஓட்டைதான்."

"ஓட்டைதான்."

வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். சிறுபிள்ளை போலக் குலுங்கிச் சிரித்தார். சந்தனம் வைத்து அண்ணனின் வண்டியையே நிற்பாட்டியிருக்கிறேனே என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தார். எனக்கும் சிரிப்பு வந்தது, இருபது வருடத்தில் அவர் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. பிறகு சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டார்.

"கொப்பருக்கு இது தெரியுமோ?"

மாடு வைக்கோலை இழுத்துக்கொண்டிருந்தது. நான் அதையே பார்த்தேன்.

"இல்லை மாமி. அப்பாவுக்குத் தெரியாது. பாஸ் எனக்குத்தான் சொன்னவர்."

மாமி ஒரு பெருமூச்சு விட்டார். மனதில் இருந்த ஏதோ ஒன்று இறங்கிவிட்டது என்று முகத்தில் தெரிந்தது.

"அதுதானே" என்றார். "தெரிஞ்சிருந்தால் அண்டைக்கு வந்த மனுசன் எனக்குச் சொல்லியிருப்பார்."

சொல்லிவிட்டு எனக்குச் சோறு போட எழுந்தார்.